மஞ்சள் அப்பா, நீல அம்மா, பச்சைக் குஞ்சு: லவ் பேர்ட்ஸ் கலர் கணக்கு

மஞ்சள் ஆணையும் நீலப் பெண்ணையும் ஜோடி சேர்த்தா பச்சைக் குஞ்சு எங்கேருந்து வருது? லவ் பேர்ட்ஸ் வளக்கறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல இந்தக் கேள்விகிட்ட வந்து நிப்பாங்க. பாதி மஞ்சள் பாதி நீலம் வரும்னு நெனச்சு, முட்டை போடறதுக்குக் கட்டின பானைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தா ரெண்டு பச்சை, ரெண்டு மஞ்சள், நீலம் ஒண்ணுகூட இல்ல. உடனே வித்தவர் ஏமாத்திட்டார்னு ஒரு சந்தேகம், பக்கத்துக் கூண்டு ஆண் எப்படியோ உள்ள பூந்துருச்சோன்னு இன்னொரு சந்தேகம். ரெண்டுமே தேவையில்ல. அந்த ஜோடிக்கு வரவேண்டியது தான் வந்திருக்கு, முட்டை போடறதுக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதி வெச்சிருக்கலாம். சொல்லப்போனா எந்தக் குஞ்சு ஆண் எது பெண்ணுன்னு கூட அப்பவே எழுதியிருக்கலாம்.

நான் சொல்றது பட்ஜெரிகர், நம்ம ஊர் கடைகள்ல லவ் பேர்ட்ஸ்னு விக்கற சின்னக் கிளி. ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ் வேற இனம், அதோட கலர் கணக்கு வேற, இங்க அத கலக்கல.

மொதல்ல இறகுல பச்சை எப்படி உண்டாகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி குழப்பம் தீந்துரும். காட்டுல இருக்கற பட்ஜி பச்சை தான், 1840-ல ஜான் கோல்டு ஆஸ்திரேலியாலேருந்து இங்கிலாந்துக்கு உயிரோட கொண்டுபோனதும் அந்தப் பச்சை தான். ஆனா அந்த இறகுக்குள்ள பச்சை நிறமின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மேல் அடுக்குல மஞ்சள் நிறமி இருக்கு, சிட்டகோஃபல்வின்னு பேரு, கிளி இனங்கள்ல மட்டும் தான் இது உண்டு. அதுக்குக் கீழ நுண்துளை நிறைஞ்ச ஒரு அடுக்கு, அதுக்கும் கீழ மெலனின்ங்கற கருப்பு நிறமி. வெளிச்சம் அந்த நடு அடுக்குல பட்டுச் சிதறும்போது நீலம் தான் அதிகமா திரும்பி வருது, மிச்சத்த மெலனின் உறிஞ்சிக்குது. அந்த நீலத்துக்கு மேல மஞ்சள் இருக்கறதால நம்ம கண்ணுக்குப் பச்சையா தெரியுது.

இப்போ ஒவ்வொண்ணா எடுத்துப் பாருங்க. மஞ்சள் நிறமி மட்டும் இல்லேன்னா மிஞ்சறது நீலம். மெலனின் மட்டும் இல்லேன்னா மிஞ்சறது மஞ்சள், கண்ணுலயும் மெலனின் இல்லாததால கண்ணு சிவப்பு, அது தான் லூட்டினோ. ரெண்டும் இல்லேன்னா வெள்ளை உடம்பு சிவப்புக் கண்ணு, ஆல்பினோ. ஆக நம்ம மஞ்சள் அப்பா உண்மையில மெலனின் போடத் தெரியாத ஒரு பச்சைக் கிளி, நீல அம்மா மஞ்சள் போடத் தெரியாத ஒரு பச்சைக் கிளி. அவர்கிட்ட இல்லாதது இவகிட்ட இருக்கு, இவகிட்ட இல்லாதது அவர்கிட்ட இருக்கு, ரெண்டு பேர்கிட்டேருந்தும் நல்ல ஜீன் ஒவ்வொண்ணு கிடைச்ச குஞ்சு ரெண்டு நிறமியையும் போட்டுப் பழையபடி காட்டுப் பச்சையா வந்து நிக்குது. மஞ்சளும் நீலமும் பெயிண்ட் மாதிரி கலந்து போச்சுன்னு சில பேர் விளக்கம் சொல்வாங்க. இறகுக்குள்ள நடக்கறதுக்கு அது ஓரளவு பொருந்தும், ஆனா ஜீன் கலக்கறதே இல்ல. அந்தப் பச்சைக் குஞ்சுக்குள்ள நீல ஜீன் கொஞ்சம்கூட மாறாம அப்படியே இருக்கு, அடுத்த தலைமுறைல பழைய நீலமாவே வெளிய வரும்.

நீல ஜீன் என்னன்னும் கண்டுபிடிச்சாச்சு. 2017-ல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் செல் ஜர்னல்ல வெளியிட்டாங்க, மஞ்சள் நிறமி செய்யற என்சைம்ல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு, அவ்வளவு தான், அதுலயே அந்த என்சைம் வேலை செய்யாம போயிடுது. நல்ல ஜீன எடுத்து ஈஸ்ட்டுக்குள்ள வெச்சுப் பாத்தப்போ ஈஸ்ட் அந்த மஞ்சள் நிறமிய செஞ்சிருக்கு. கூண்டு வெச்சிருந்தவங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஜோடி சேத்து சேத்து இது ஒரே ஜீன், ரெண்டு காப்பி வந்தா தான் வெளிய தெரியும்னு கண்டுபிடிச்சு வெச்சிருந்தாங்க, லேப் அத உறுதி பண்ணிருக்கு. இத நெனச்சா எனக்கு இப்பவும் அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

சரி, நீலம் வராததுக்குக் காரணம் புரிஞ்சுது, அப்பாகிட்ட நீல ஜீன் இல்ல, குஞ்சுக்கு ஒரு காப்பி தான் கிடைச்சுது. ஆனா மெலனின் இல்லாததும் அதே மாதிரி மறைஞ்சுபோற குணம் தான, அப்ப ரெண்டு மஞ்சள் குஞ்சு எப்படி வந்துச்சு? இங்க தான் ஆண் பெண் கணக்கு உள்ள வருது.

நமக்கு ஆண் எக்ஸ் ஒய், பெண் எக்ஸ் எக்ஸ். பறவைகளுக்கு அப்படியே தலைகீழ். ஆணுக்கு இசட் குரோமோசோம் ரெண்டு, பெண்ணுக்கு ஒரு இசட் ஒரு டபிள்யூ. லூட்டினோ ஆக்கற ஜீன் (பறவை வளக்கறவங்க இத இனோன்னு சொல்வாங்க) இசட்ல உக்காந்திருக்கு, டபிள்யூல அதுக்கு ஜோடி கிடையாது. பெண் குஞ்சுக்கு டபிள்யூ அம்மாகிட்டேருந்து வருது, அதனால அதோட ஒரே இசட் அப்பாவோடது. அப்பா என்ன கொடுத்தாரோ அத மறைக்க எதிர்ல எதுவும் இல்ல, கொடுத்தது அப்படியே வெளிய தெரியும். லூட்டினோ அப்பாகிட்ட ரெண்டு இசட்டுமே இனோ தான், அதனால அவரோட பொண்ணுங்க அத்தனையும் மஞ்சள். பையனுங்களுக்கு அப்பாகிட்டேருந்து ஒரு இனோ, அம்மாகிட்டேருந்து ஒரு நல்லது, அதனால அத்தனையும் பச்சை. அந்தப் பானைல இருந்த ரெண்டு மஞ்சளும் பெண், ரெண்டு பச்சையும் ஆண், இதுல சந்தேகத்துக்கு இடமே இல்ல.

இது ஏன் பெரிய விஷயம்னா பட்ஜில ஆண் பெண் பாக்க நாம நம்பறது மூக்குக் கலரத் தான், பெரிசானதும் ஆணுக்கு மூக்கு நீலம், பெண்ணுக்கு பிரவுன். ஆனா லூட்டினோ, ஆல்பினோ ஆணுக்கு மூக்கு நீலமாகவே ஆகாது, கடைசி வரைக்கும் ரோஸ் கலந்த ஊதாவாவே இருக்கும், அனுபவம் இருக்கறவங்களே தடுமாறுவாங்க. இந்த ஜோடில மட்டும் அந்தப் பிரச்சனை இல்ல, குஞ்சு பொரிச்ச அன்னிக்கே சொல்லிடலாம். முட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும், ஒவ்வொண்ணும் சுமார் 18 நாள்ல பொரியும், அதனால பானைக்குள்ள எப்பவும் படிப்படியா சைஸ் சைஸா குஞ்சு கிடக்கும், இறகே இல்லாம வெறும் ரோஸ் கலர் சதை. கண்ணு இன்னும் திறந்திருக்காது. ஆனா மூடின இமைத் தோலுக்கு அடியில பாத்தீங்கன்னா சில குஞ்சுக்கு கருப்பா ஒரு உருண்டை தெரியும், சிலதுக்கு அந்த இடம் சிவந்தாப்ல வெளுத்துத் தெரியும். கருப்பு தெரியறது பச்சை, சிவப்பா தெரியறது இனோ. அந்த ஒரு பார்வைல கலரும் தெரிஞ்சுபோச்சு, ஆணா பெண்ணான்னும் தெரிஞ்சுபோச்சு.

இப்ப இதே ரெண்டு கலர மாத்திப் போடுங்க, ஆண் நீலம், பெண் லூட்டினோ. பொண்ணுங்களுக்கு அப்பாவோட நல்ல இசட் போகுது, பையனுங்களுக்கு அப்பாவோடது ஒண்ணு நல்லது அம்மாவோடது ஒண்ணு இனோ. மொத்தக் கூடும் பச்சை, ஆணும் பச்சை பெண்ணும் பச்சை, ஒரு மஞ்சள் கிடையாது ஒரு நீலம் கிடையாது. அதே ரெண்டு கலர், யார் அப்பா யார் அம்மாங்கறது மட்டும் மாறிச்சு, பானைக்குள்ள இருக்கறது மொத்தமா மாறிப்போச்சு. அதனால தான் யாராவது போன் பண்ணி மஞ்சளையும் நீலத்தையும் போட்டா என்னண்ணா வரும்னு கேட்டா எது ஆண்னு கேக்காம நான் பதில் சொல்றதில்ல.

இதுலேருந்து நேரா வர்ற இன்னொரு விஷயம், பெண் குருவி இனோவுக்கு ஸ்ப்ளிட்டா இருக்கவே முடியாது. வெளிய தெரியாம உள்ள சுமந்துக்கிட்டு இருக்கறதத் தான் ஸ்ப்ளிட்ங்கறோம். பெண்ணுக்கு ஒரே ஒரு இசட், அதுல இனோ இருந்தா அது லூட்டினோவோ ஆல்பினோவோ தான், இல்லேன்னா இனோ அதுகிட்ட இல்லவே இல்ல. பச்சைப் பெண்ண கைல காட்டி இது ஆல்பினோ ஸ்ப்ளிட்னு யாராவது கூடுதல் விலை சொன்னா கொடுக்காதீங்க. நீலத்துக்கு வேணா ஸ்ப்ளிட்டா இருக்கலாம், அந்த ஜீன் சாதாரண குரோமோசோம்ல இருக்கு, ஆண் பெண் ரெண்டுக்கும் ரெண்டு ரெண்டு காப்பி உண்டு. ஓபலின், சின்னமன்ங்கற வேற ரெண்டு கலர் ஜீனும் இனோ மாதிரியே இசட்ல இருக்கறது, அதுக்கும் இதே சட்டம் தான்.

மஞ்சளா இருக்கறது எல்லாம் லூட்டினோவும் இல்ல, இது ரொம்ப முக்கியம். ஸ்பாங்கிள்ங்கற இன்னொரு கலர் ஜீன் ரெண்டு காப்பி வாங்கின பச்சை வகைக் கிளியும் முழு மஞ்சளா தான் இருக்கும், ஆனா கண்ணு கருப்பு. ஸ்பாங்கிள் டாமினன்ட் பக்கம், ஒரு காப்பி இருந்தாலே வெளிய தெரியும், அதனால இத எதோட போட்டாலும் குஞ்சு அத்தனையும் ஸ்பாங்கிளா வரும், ஆண் பெண் வித்தியாசமே இருக்காது. வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு கண்ணப் பாருங்க, சிவப்பு இல்லேன்னா மேல சொன்ன கணக்கு ஒண்ணுமே அங்க ஓடாது.

இந்த இசட் விஷயத்த வெச்சு கோழிக்காரங்க பெரிய வேலையே பண்ணிருக்காங்க. நாம ஜோடி சேத்தா என்ன வரும்னு பாக்க கட்டம் போடறோம் இல்லையா, அதுக்குப் பேரு பன்னெட் கட்டம், ரெஜினால்ட் பன்னெட்ங்கற கேம்பிரிட்ஜ் காரர் பேரு. மொத உலகப்போர் சமயம் பிரிட்டன்ல தீவனத் தட்டுப்பாடு, முட்டை போடாத சேவல் குஞ்சுக்கும் சேத்துத் தீனி போட்டுக்கிட்டு இருக்கணுமான்னு ஒரு பிரச்சனை. இசட்ல இருக்கற கலர் ஜீன வெச்சு ஜோடி சேத்தா பொரிச்ச அன்னிக்கே சேவல் எது பெட்டை எதுன்னு கலர்லயே பிரிச்சிடலாம்னு அவர் சொன்னார். கோல்டு சேவலையும் சில்வர் பெட்டையையும் சேத்தா பையனுங்க வெளிறின கலர், பொண்ணுங்க பழுப்பு. இன்னிக்கும் பிரவுன் முட்டை போடற ஹைப்ரிட் கோழிக் குஞ்சுகள ஹேச்சரில இப்படிக் கலர் பாத்துப் பிரிக்கற வழக்கம் இருக்கு. நம்ம பானைல லூட்டினோ அப்பா கொடுக்கற தகவலும் இதே தான்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் நூத்துக்கு நூறு உறுதியான ஜோடி. பெரும்பாலான ஜோடி அப்படி இருக்காது. பச்சையையும் பச்சையையும் போட்டீங்க, ரெண்டுமே நீலத்துக்கு ஸ்ப்ளிட். நாலுல ஒண்ணு நீலம், நாலுல ரெண்டு ஸ்ப்ளிட் பச்சை, நாலுல ஒண்ணு சுத்தப் பச்சை. இங்க தான் எல்லாரும் மாட்டிக்கறாங்க, நாலு குஞ்சு வந்தா ஒண்ணு நீலமா இருந்தே ஆகணும்னு எடுத்துக்கறாங்க. அப்படி இல்லவே இல்ல. அந்த நாலுல ஒண்ணுங்கறது கூட்டுக்கான கணக்கு கிடையாது, ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனியா உள்ள வாய்ப்பு. மொத முட்டைல என்ன வந்துச்சுன்னு ரெண்டாவது முட்டைக்குத் தெரியாது. அஞ்சு குஞ்சு வந்து அஞ்சும் பச்சையா இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு பாத்தா முக்கால அஞ்சு தடவ பெருக்கணும், சுமார் 24 சதவீதம். அதாவது சரியான ஸ்ப்ளிட் ஜோடிகள்லயே கிட்டத்தட்ட நாலு கூட்டுக்கு ஒரு கூட்டுல நீலம் எட்டிக்கூடப் பாக்காது. அத வெச்சு வித்தவர் பொய் சொல்லிட்டார்னு முடிவு கட்டி ஜோடியப் பிரிச்சு வித்துட்டவங்கள எனக்குத் தெரியும், மனசு அடிச்சுக்கும், இன்னொரு கூடு பொறுத்திருக்கலாம்.

மெண்டல் பட்டாணிலயும் இதே தான் நடந்துச்சு. ஸ்கூல் புக்குல மூணுக்கு ஒண்ணுன்னு சுத்தமா போட்டிருப்பாங்க. அந்த விகிதம் வந்தது ஆயிரக்கணக்குல எண்ணினதால, மஞ்சள் விதை 6022, பச்சை விதை 2001. ஆனா ஒரு ஒரு செடியா பாத்தப்போ என்ன வந்துச்சுன்னும் 1866-ல வந்த கட்டுரைல அவரே ஒளிக்காம எழுதியிருக்கார். ஒரு செடில மஞ்சள் 32, பச்சை ஒண்ணே ஒண்ணு. இன்னொரு செடில மஞ்சள் 20, பச்சை 19. ரெண்டுமே ஒரே மாதிரி ஸ்ப்ளிட் செடி தான். முப்பது நாப்பது விதை உள்ள செடிக்கே இந்தப் பாடுன்னா அஞ்சு முட்டை பானைக்கு எப்படி இருக்கும். இந்த ரெண்டு செடியோட எண்ணிக்கையையும் பாடப் புத்தகத்துல போட்டிருந்தா எவ்வளவோ பேருக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

கூண்டுல இத தப்பா எடுத்துக்கிட்டா ஒரு ஜோடி பிரியும், அவ்வளவு தான். குடும்பத்துல தப்பா எடுத்துக்கிட்டா நெலம வேற. அப்பா அம்மா ரெண்டு பேருமே பீட்டா தலசீமியாங்கற ரத்த நோய்க்கு கேரியர்னா, அதாவது நம்ம பாஷைல ஸ்ப்ளிட்னா, குழந்தைக்கு அந்த நோய் வர ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு, ஒவ்வொரு தடவையும் புதுசா. மொத குழந்தைக்கு வந்துருச்சு, இனி மூணு குழந்தைக்கு பயமில்லன்னு படிச்சவங்களே நம்பறத நான் நேர்ல கேட்டிருக்கேன். தயவுசெஞ்சு அப்படி நெனக்காதீங்க, ரெண்டாவது குழந்தைக்கும் அதே நாலுல ஒண்ணு தான். மனுஷங்களுக்கு ஒரு நல்ல வசதி, உள்ள மறைஞ்சிருக்கறத ரத்த டெஸ்ட்லயே பாத்துடலாம். நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட இதே மாதிரி வர்ற சிக்கிள் செல்ங்கற ரத்த நோய் ஜீன் இருக்கறது 1952-லயே பதிவாச்சு, இன்னிக்கு அங்க அப்பா அம்மா கேரியரா இல்லையான்னு குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட முடியுது. கேரியர்னு தெரிஞ்சவங்க டாக்டர்கிட்ட ஆலோசனை கேட்டு முடிவெடுக்கலாம்.

நம்ம கூண்டுப் பறவைக்கு கலர் ஸ்ப்ளிட் பாக்க டெஸ்ட் எடுக்கற வழக்கம் இல்ல, ஜோடி சேத்துத் தான் பாக்கணும். ஸ்ப்ளிட் ஜோடிக்குப் பொறந்த ஒரு பச்சைக் குஞ்சு உங்க கைல இருக்குன்னு வைங்க. நீலம் இல்லேன்னு ஆயிடுச்சு, மிச்சம் இருக்கற மூணு வழில ரெண்டு ஸ்ப்ளிட், அதனால அது ஸ்ப்ளிட்டா இருக்க மூணுல ரெண்டு பங்கு வாய்ப்பு. பெரிசானதும் அத ஒரு நீலத்தோட போடுங்க. ஒரே ஒரு நீலக் குஞ்சு வந்தாலும் கதை முடிஞ்சுது, ஸ்ப்ளிட் தான். அஞ்சும் பச்சையா வந்துச்சுன்னா? ஸ்ப்ளிட்டா இருந்து அஞ்சும் பச்சையா வர 32-ல ஒண்ணு தான் வாய்ப்பு. மொதல்ல இருந்த மூணுல ரெண்டையும் சேத்துக் கணக்குப் போட்டா இப்ப அது ஸ்ப்ளிட்டா இருக்கற வாய்ப்பு ஆறு சதவீதத்துக்கு இறங்கிடுது. இன்னும் மூணு பச்சை வந்து எட்டாச்சுன்னா ஒரு சதவீதத்துக்கும் கீழ. முழு உறுதின்னு சொல்ல முடியாது, ஆனா இதுக்கு மேல அத நம்பி நீலத்துக்குக் காத்திருக்க வேணாம்.

கலர அடர்த்தியாக்கற டார்க் ஃபேக்டர் ஜீன் மட்டும் இந்த ஒளிஞ்சு விளையாடற வேலையெல்லாம் பண்ணாது. ஒரு காப்பி இருந்தா ஸ்கை ப்ளூ கோபால்ட் ஆகும், ரெண்டு இருந்தா மாவ், பச்சைல அதே மாதிரி டார்க் கிரீன், ஆலிவ். பாத்தாலே தெரியும், அதனால கோபால்ட்டுக்கு ஸ்ப்ளிட்னு ஒரு ஸ்கை ப்ளூ கிடையாது. நெறைய பேர் கோபால்ட் வேணும்னு கோபால்ட்டையும் கோபால்ட்டையும் தேடி ஜோடி போடறாங்க, அதுல பாதி தான் கோபால்ட், மொத்தத்துல கால் பங்கு ஸ்கை, கால் பங்கு மாவ். கோபால்ட்டையும் ஸ்கையையும் போட்டாலும் அதே பாதி தான். அத்தனையும் கோபால்ட் வேணும்னா மாவ் ஒண்ணையும் ஸ்கை ஒண்ணையும் போடுங்க, ஒண்ணுகூட மாறாது. மாவ் மங்கலா இருக்குன்னு யாரும் சீண்டறதில்ல, இந்த ஒரு விஷயத்துக்கே அது கூண்டுல இருக்கணும்.

டார்க் ஃபேக்டரும் நீலமும் ஒரே குரோமோசோம்ல கிட்ட கிட்ட இருக்கறதால இன்னொரு சிக்கல் உண்டு. ரெண்டு டார்க் கிரீன், பாக்க ஒரே மாதிரி, ரெண்டுமே நீலத்துக்கு ஸ்ப்ளிட். ஆலிவுக்கும் ஸ்கைக்கும் பொறந்த டார்க் கிரீன ஸ்கையோட போட்டா பெரும்பாலும் டார்க் கிரீனும் ஸ்கையும் வரும், மாவ் கலருக்கும் லைட் கிரீனுக்கும் (டார்க் ஃபேக்டர் இல்லாத சாதாரணப் பச்சை) பொறந்தத ஸ்கையோட போட்டா பெரும்பாலும் லைட் கிரீனும் கோபால்ட்டும் வரும். ரெண்டு ஜீனும் அப்பா அம்மாகிட்டேருந்து எந்தச் சேர்க்கைல வந்துச்சோ அப்படியே சேந்து போகத் தான் பாக்கும், எப்பவாவது தான் பிரிஞ்சு மாறும். இத டைப் ஒன்னு, டைப் டூன்னு பிரிச்சு வெச்சிருக்காங்க. இந்தக் கணக்குல பெரும்பகுதி 1920-கள்ல ஜெர்மனில பிரெமன் நகரத்துல ஹான்ஸ் டுங்கர்னு ஒரு ஆசிரியர் போட்டது. அந்த ஆள் அப்புறம் நாஜி கட்சில சேந்து மனுஷங்களையும் இனம் பாத்துப் பிரிக்கணும்னு எழுதினவர். கூண்டுல கலர் பாத்து ஜோடி சேக்கற அறிவ மனுஷங்க மேல போட்டா எங்க கொண்டுபோய் விடும்ங்கறதுக்கு அவர விட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியல, அதனால அவர் கணக்க எடுத்துச் சொல்லும்போதெல்லாம் இதையும் சேத்தே சொல்லிடறது வழக்கம்.

இவ்வளவு கணக்கும் அப்பா யாருன்னு தெரிஞ்சா தான். பெரிய காலனிக் கூண்டுல பத்து ஜோடி விட்டு பத்து பானை கட்டினா அப்பா யாருன்னு உங்களால சொல்லவே முடியாது, பட்ஜி ஜோடியா இருந்தாலும் பக்கத்து ஆணோடயும் சேரும். கலர் கணிக்கணும்னா ஜோடிக்கு ஒரு கூண்டு. ஆண மாத்தினா உடனே பானையக் கட்டாதீங்க, பழைய ஆணோட விந்து பெண் உடம்புல ஒரு வாரத்துக்கு மேலயும் தங்கி முட்டையக் கருவாக்கும், மூணு வாரமாவது இடைவெளி விடுங்க. குஞ்சுக்கு ஒரு வாரம் ஆகறப்போ காலுக்கு ரிங் போட்டு நம்பரையும் அப்பா அம்மா நம்பரையும் நோட்டுல எழுதிடுங்க, அதுக்கு மேல போனா கால் பெருத்து ரிங் ஏறாது. பறவை விக்கும்போது அந்த நோட்டுலேருந்து அப்பா அம்மா கலர், முடிஞ்சா தாத்தா பாட்டி கலர் வரைக்கும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுங்க. ஸ்ப்ளிட்ங்கறது பறவையப் பாத்தா தெரியாது, அந்தச் சீட்டுல தான் இருக்கு. சீட்டு இல்லாத ஸ்ப்ளிட்டுக்கு நான் சாதாரணப் பச்சை விலைக்கு மேல கொடுக்கறதில்ல.

கடைசியா ஒண்ணு, ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தது. ஆல்பினோவுக்கு கிராக்கி இருக்குன்னு அண்ணனையும் தங்கச்சியையும், அப்பாவையும் பொண்ணையும் போட்டுக்கிட்டே போறாங்க. கலர் ஜீன் மட்டும் ரெண்டு ரெண்டா சேராது, குடும்பத்துக்குள்ள மறைஞ்சிருக்கற கெட்ட ஜீனும் அதே கணக்குல தான் ரெண்டு ரெண்டா சேரும். சைஸ் சின்னதாகும், முட்டை பொரியாம போகும், குஞ்சு பானைலயே செத்துக் கிடக்கும், அப்புறம் ஆல்பினோன்னாலே வீக்கான பறவைன்னு பேரு கட்டிடுவாங்க. பாவம் அந்தப் பறவை என்ன பண்ணும்.

இதுக்கு வழி அந்த யாரும் மதிக்காத சாதாரணப் பச்சை தான். சம்பந்தமே இல்லாத எடத்துலேருந்து ஒரு திடமான பச்சை ஆண் வாங்கி உங்க ஆல்பினோ பெண்ணோட போடுங்க. மொத கூடு மொத்தமும் பச்சையா வரும், வீட்ல இருக்கறவங்க எல்லாம் என்ன இதுன்னு கேப்பாங்க, பரவால்ல. அதுல வர்ற பையனுங்க எல்லாருமே நீலத்துக்கும் ஸ்ப்ளிட், இனோவுக்கும் ஸ்ப்ளிட், அம்மாவப் பாத்தே உறுதியா சொல்லலாம். அதுல ஒருத்தன நல்லா ஒரு வயசு ஆகவிட்டு இன்னொரு வீட்டு நீலப் பெண்ணோட போடுங்க. ஒவ்வொரு முட்டைக்கும் எட்டுல ஒரு பங்கு ஆல்பினோ, எட்டுல ஒரு பங்கு லூட்டினோ, வர்ற வெள்ளையும் மஞ்சளும் எல்லாமே பெண்ணாத் தான் இருக்கும், மிச்சம் பச்சையும் நீலமும். ரெண்டு மூணு கூடு எடுத்தா பெரும்பாலும் ஒரு வெள்ளையாவது வந்துரும், வராமலும் போகலாம், அப்ப நாலாவது கூட்டுக்கு முன்னாடி அந்த ஜோடிக்கு நல்லா ரெஸ்ட் விட்டுட்டு, கடல் நுரை (கணவாய் ஓடு), ஊறவெச்ச பயறு, கீரையெல்லாம் கொடுத்துத் தேத்திட்டு அப்புறம் பானையக் கட்டுங்க.